அழிந்துபோன தாயக்கட்டம்

உள்ளூர்க்காரி என்பதால் முதியோர் இல்லத்துக்கு இன்று நான் மட்டும்தான் போனேன். எங்கள் சேவைக் குழுவின் மற்றவர்கள் இடஒதுக்கீட்டு மறியலால் சின்னசேலத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

வந்ததற்கு ஏதாவது செய்வோமென்று கூடத்தைத் துடைத்தேன். தரையில் சாக்பீஸ் கோடுகள், மேலே புளியங்கொட்டைகள். பொறுக்கி எறிந்துவிட்டுப் பளிச்சென்று துடைத்தேன்.

சாப்பிட்டு வந்த அஞ்சலையம்மா ஈரத்தரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இப்படி பண்ணிட்ட? மூணு நாளா ஆடிக்கினு இருந்த தாயம். இன்னும் ஒரு காய் உள்ள போய்ப் பழமானா நான் ஜெயிச்சேன்."

எதிராளி கோவிந்தனய்யா முகத்தில் நிம்மதி. "வுடு, புதுசா ஆடலாம். அந்தம்மா நல்லதுதான் பண்ணாங்க."

"தோக்கப்போற ஆளு அப்பிடித்தான் சொல்லும்."

எந்தக் காய் எங்கே இருந்தது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. துடைக்கும் முன்னும் பின்னும் படமெடுத்துக் குழுவில் போட வேண்டுமென்பது எங்கள் விதி. விளம்பரப் பைத்தியம் என்று நான் திட்டும் அதே விதி. செல்போனில் கட்டமும் காய்களும் தெளிவாக இருந்தன.

படத்தைப் பார்த்துக் கட்டம் வரைந்து, எறிந்த கொட்டைகளைப் பொறுக்கி வந்து அதேபோல் வைத்தேன். இரண்டே உருட்டலில் அஞ்சலையம்மா ஜெயித்தார்.

கோவிந்தனய்யா என்னைப் பார்த்தார். "மறியல் பண்றவங்க உள்ளூர் ஆளுங்கள நிறுத்த மாட்டாங்களா?"

அடுத்த ஞாயிறும் நான் போகட்டுமா? அவரைக் கேட்காமல் சொல்லுங்கள்.