அத்தையின் ஸ்பீக்கர்களுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர்

எனக்கு ஒன்பது வயதில், அப்பாவின் தங்கை, என் அத்தை, தன் கணவர் வீட்டிலிருந்து கிளம்பி எங்கள் மலையூரான சோளக்காட்டில் பஸ் இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. பஸ்ஸின் மேலிருந்து இறக்கிய இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். கல்யாணத்துக்கு முன் அத்தை சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்து, தன் சம்பளத்தில் வாங்கியவை. நகைகள் எங்கே என்று அம்மா கேட்டபோது அத்தை ஸ்பீக்கரின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தார். நானோ பாட்டுப்பெட்டி வந்த சந்தோஷத்தில் எதையும் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் முதல் இரண்டு வரி பாடும். மேளம் விழுந்ததும் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் அடங்கிவிடும்.

"பொட்டி கெட்டுப்போச்சா அம்மிணி?" என்றார் அப்பா.

"பொட்டி நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. அது கேக்கற கரண்ட இதால குடுக்க முடியல."

வந்த பத்து நாளில் அத்தை அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அத்தையின் கணவர் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பேச வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, மிளகு காயப்போடும் வேலையையும் விட்டுவிட்டு, அப்பா அத்தையையும் என்னையும் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சேலத்துக்குக் கூட்டிப்போனார்.

கடைக்காரர் ஆயிரம் வாட்ஸ் என்று போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். முகப்பில் நீல விளக்குகள் ஓடின. எனக்கு அதுதான் வேண்டும். அத்தை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, கனமே இல்லை என்று கீழே வைத்தார்.

"நாலு ஓம்ஸ் ஸ்பீக்கருங்க. சில சத்தத்துக்கு இன்னும் கீழ எறங்கும். அப்ப கரண்ட ஜாஸ்தி இழுக்கும். தாங்குமுங்களா?"

கடைக்காரர் அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "கேட்டது என் தங்கச்சிங்க. அதுகிட்டச் சொல்லுங்க" என்றார் அப்பா.

அதன்பிறகுதான் உள்ளேயிருந்து ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அலங்கார விளக்கு கிடையாது, வாட்ஸும் குறைவு. அத்தை மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே கரண்ட் கொடுக்கும் தேங்காய் அளவு டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார். எட்டு ஓம்ஸுக்குத் தருவதைவிட நாலு ஓம்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தரும் என்று தாளில் இருந்ததை இரண்டு முறை படித்தார். "இதாங்கண்ணா" என்றார். மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் அப்பா அந்தக் கனத்தை மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் நீல விளக்கை நினைத்து அழுதுகொண்டு வந்தேன்.

ஞாயிறன்று விருந்தாளிகள் வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேளம் விழுந்தது, அடங்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த என் முதுகு அதிர்ந்தது.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. புள்ளைய அனுப்பறதப் பத்திப் பேசோணும்" என்றார் வந்திருந்த பெரியவர்.

"என் தங்கச்சி வராதுங்க. இங்கயே இருந்துக்கட்டும்" என்றார் அப்பா. பாட்டை நிறுத்தவில்லை.

அவர்கள் சாப்பிடாமலே போய்விட்டார்கள். அத்தை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

விருந்தாளிகளுக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். அத்தை எப்போது அவர் ஊருக்குப் போவார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினார். வந்தவர்கள் சாப்பிடாமல் போனதால் மிஞ்சிய பாயசம் என்றுதான் அன்று எனக்குப் புரிந்தது.