கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியறையில், பத்திரங்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். என் மகளின் பிறப்புச் சான்றிதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர், பாதியில் கையை நிறுத்தி, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நீங்களும் வீட்டுக்காரரும் கலியாணம் முடிக்கலையா?"

என் கழுத்தில் தாலி இருந்தது. மடியில் ஐந்து வயது மகள் இருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய மேசையைப் புரட்டியிருக்க வேண்டும். அவர் பாவம், சான்றிதழைத் திருப்பி என் பக்கம் வைத்து, விரலால் ஒரு கட்டத்தைக் காட்டினார். பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்ட கட்டம். அதில் சிங்களத்தில், கையெழுத்தில், ஒரே ஒரு சொல். இல்லை.

சந்தையில் விலை பேசும் அளவுக்கு என் சிங்களம் நன்றாக ஓடும். எழுத்தைக் கண்டால் நொண்டும். அதற்காக ஐந்து வருடம் அந்தத் தாளைப் படிக்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கிடையாது. அதிலும் நான் தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. வருடா வருடம் தாய்மாரை உட்கார வைத்து, பிள்ளையின் சான்றிதழில் ஒவ்வொரு கட்டத்தையும் சரிபாருங்கள் என்று பாடம் நடத்துகிறவள்.

என் கணவருக்கு ருவண்டாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைத் தூளாக்குவதை மேற்பார்க்கும் டீமேக்கர் வேலை கிடைத்திருந்தது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், பத்து வருடம் உதவி டீமேக்கராக இருந்தவர். கொழுந்தின் வாசத்தை வைத்தே அது எவ்வளவு நேரம் வாடியிருக்கிறது என்று சொல்வார். நாட்டின் பொருளாதாரம் விழுந்த வருடத்துக்குப் பிறகு, பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்களுக்குப் பிறகு, இந்த வேலை வந்தபோது நாங்கள் யோசிக்கவே இல்லை. அங்கேயும் மலைதான், அங்கேயும் தேயிலைதான், வீடும் தருகிறார்கள், மனைவி பிள்ளையோடு வரலாம். ஆனால் மனைவிதான், பிள்ளைதான் என்பதற்குப் பத்திரம் வேண்டும். அவர் போய்ச் சேர வேண்டிய நாளும் குறித்தாயிற்று.

தலவாக்கலைக்கு பஸ்ஸில் வரும்போது அந்தக் கட்டத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் திருமணம் பதியப்படவில்லை என்பது எனக்குத் தெரியும்தான். எங்கள் தோட்டத்தில் கலியாணம் என்றால் கோயில், தாலி, தப்பு மேளம், லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் சோறு. பதிவு என்பது டவுனில் உத்தியோகம் பார்ப்பவர்களின் விஷயம் என்றுதான் பாதிப் பேர் நினைப்பு. எங்களுக்குப் பதிவாளரை அழைத்து வர வேன் போகத்தான் செய்தது. மழைக்கு மண் சரிந்து பாதை மூடி, வேன் பாதியில் திரும்பியது. அடுத்த வாரம் போய்ப் பதிந்துகொள்வோம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் ஏழு வருடமாகியும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. ஊர் பார்க்கத் தாலி கட்டியவர்களை யார் கேட்பார்கள்?

ஆனால் மகளின் சான்றிதழில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. என் கணவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து தாளை நீட்டியதும் அவர் முகத்தைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. பிள்ளை பிறந்ததும் பதியப் போனவர் அவர்தான். விவாகச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். இவர் பர்ஸிலிருந்து எங்கள் கலியாணப் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். அங்கிருந்தவர் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இல்லை என்று எழுதி, இவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

"நீ கோவிச்சுக்குவேன்னுதான் சொல்லல."

"இப்ப மட்டும் கொஞ்சுவேனா?" என்றேன்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு வழி சொன்னார். அவர் முதலில் போவதாம். நாங்கள் பத்திரங்களைச் சரிசெய்துகொண்டு பின்னால் வருவதாம். மூன்று மாதம்தான் ஆகுமாம்.

அந்த 'தான்' எனக்கு ஆகாது. என் அம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது இரண்டு வருடம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஏழு வயது. அப்பா என்னைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். அம்மா ஒரு பச்சைச் சேலை கட்டி, கையில் ஒரு பையோடு கண்ணாடிக் கதவுக்குள் போனார். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். வரிசையில் போகப் போக முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு தடவைகூட அவர் திரும்பவில்லை. இரண்டு வருடம் பதினொரு வருடமானது. இடையில் ஒருமுறை வந்து ஒரு மாதம் இருந்தார். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று கேட்கும் குரல்தான் அம்மா. எனக்குப் பதினெட்டு வயதில் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்து வாசலில் நின்றபோது, வாங்க, உட்காருங்க என்றேன். விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னேன் என்பது அவர் முகம் போன போக்கில்தான் தெரிந்தது. அதன் பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடுமளவு நெருக்கமும் கிடையாது. அந்தத் திரும்பாத முதுகை நான் மன்னிக்கவில்லை, அவ்வளவுதான்.

"போனா மூணு பேரும் போறோம். இல்லாட்டி யாரும் போக வேணாம்" என்று சொன்னேன். அவர் வாதாடவில்லை. அன்றைக்கே அந்தத் தொழிற்சாலைக்கு எழுதி நாள் கேட்டார். ஒரு மாதம் கொடுத்தார்கள். அதற்கு மேல் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

முதலில் நாங்கள் கலியாணம் முடிக்க வேண்டும். பிறகு அந்தச் சான்றிதழைக் காட்டி மகளின் சான்றிதழைத் திருத்த வேண்டும். பிறகுதான் விசா. ஒரு மாதத்துக்குள் இத்தனையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், கிராம சேவகரின் ஒரு கையெழுத்து, லீவில் போன ஓர் அதிகாரி. மழையில் பத்திரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பத்திரங்கள் வைத்த பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து எண்ணுவேன். எண்ணி முடித்து மூடியதும் ஒன்று குறைந்ததுபோல இருக்கும். திரும்பத் திறப்பேன். முன்பள்ளியில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போது நான் நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

பதிவு நாளன்று மகள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பதிவாளர் அலுவலகத்தில் படிவத்தில் என் பெயருக்கு எதிரே விவாகமாகாதவர் என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். அவருக்கும் அதே. பதிவாளர் ஒரு சிங்களப் பெண்மணி. என் தாலியையும், மேசைக்குக் கீழே காலாட்டிக்கொண்டிருந்த மகளையும் பார்த்துச் சிரித்துவிட்டு, தோட்டப் பக்கத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சோடியாவது இப்படி வருகிறார்கள் என்று சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரோ, சலித்துப்போய்ச் சொன்னாரோ. எனக்கு வெட்கமாக இருந்தது.

சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் ஸ்டோரில் கணவரோடு வேலை செய்தவர். மற்றவர் அம்மா. வர வேறு ஆள் இல்லாததால் அம்மா என்பதுதான் உண்மை. பேனாவை வாங்கியவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. எங்கே, எங்கே என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு எழுத்து எழுத்தாக, நாக்கை உதட்டில் வைத்துக்கொண்டு எழுதினார். வெளியே வந்ததும் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"சவூதிக்குப் போக ஏஜென்சியில போட்டதுதான் நான் போட்ட மொத கையெழுத்து. ஒன்ன விட்டுட்டுப் போறதுக்கு."

கேக் வாங்கலாமா என்று கேட்டேன். வாங்கினோம். அடுத்த நாள் மகள் முன்பள்ளி முழுக்க, நேற்று எங்கள் அம்மா அப்பாவுக்குக் கலியாணம், நான் கேக் சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்தாள். மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய்மார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆனால் அவர்களில் இரண்டு பேர் மெதுவாக ஒதுக்குப்புறம் வந்து, டீச்சர், நாங்களும் பதியல, எங்க போகணும் என்று கேட்டார்கள்.

திருத்திய பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபோது பன்னிரண்டு நாள்தான் மிச்சம். விசா வந்தபோது நான்கு நாள். வந்துவிட்டது என்று கணவர் ஸ்டோரிலிருந்து அழைத்துச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் எங்கேயோ ஒரு கட்டத்தில் இல்லை என்று எழுதியிருக்கும் என்றே மனம் அடித்துக்கொண்டது.

புறப்பட்ட அன்று காலை வேன் ஸ்டோர் வளைவில் நின்றது. பனி இன்னும் விலகவில்லை. விமான நிலையம் வரை வர அம்மாவுக்கும் வேனில் இடம் வைத்திருந்தோம். வரமாட்டேன் என்றார்.

"அந்த எடத்துக்கு நான் திரும்ப வர மாட்டேன், மாப்புள. நீங்க பத்தரமா கூட்டிட்டுப் போங்க."

மகளின் சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். நான் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு சன்னலருகே வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உள்ள போனதும் புள்ள கைய விட்றாத. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிட்டா, எவ்வளவு அழுதாலும் திரும்பி வர விட மாட்டாங்க. நான் கேட்டுப் பாத்தேன்."

வேன் கிளம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பனியில் அவர் நின்ற இடம் மட்டும்தான் தெரிந்தது. கொத்மலை அணைக்கட்டைத் தாண்டினோம். கணவர் பத்திரங்கள் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன், கோப்பைத் திறக்காமலே. இருபத்தைந்து வருடம் நான் அந்த முதுகோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் என் அம்மா யாரிடமோ கெஞ்சிக்கொண்டு நின்றிருக்கிறார்.

கட்டுநாயக்காவில் கண்ணாடிக் கதவு இப்போது தானாகத் திறக்கிறது. உள்ளே வரிசை நீளமாக இருந்தது. எங்களுக்கு முன்னால் சல்வார் போட்ட ஐந்தாறு பெண்கள், ஒரே மாதிரிப் பையோடு, ஓர் ஏஜென்சி ஆளின் பின்னால் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கை வலிக்குது" என்றாள் என் மகள்.

விமானத்தில் ஏறும் வரை நான் அந்தக் கையை விடவில்லை.