மூக்குக்கு நேரே ஒரு மல்லாட்டை மூட்டை

என் சித்தி கல்லூரியில் எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள், இயந்திரவியல் ஒன்றைத் தவிர. இரண்டு முறை எழுதியும் அது காலை வாரிவிட்டது. மூன்றாவது முறைக்கு அவள் நம்பியது செல்போனைத்தான். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்து வாத்தியார் கரும்பலகை முன்னால் ஓடி ஆடிப் பாடம் நடத்தும் வீடியோக்களை யாரோ தேடித் தேடி அதற்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இங்கிலீஷ் தடதடவென்று ஓடும். தமிழ் மீடியத்தில் படித்த சித்தி நிமிஷத்துக்கு நாலு தடவை நிறுத்தி நிறுத்தி, விசை, உந்தம், ஆற்றல் என்று நோட்டில் எழுதிக்கொள்வாள். அப்போது நாலாம் வகுப்பில் இருந்த நான் இயர்போனின் இன்னொரு முனையைக் காதில் சொருகிக்கொண்டு, ஒரு மண்ணும் புரியாமல் தலையாட்டுவேன்.

மாமாவுக்கு, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணனுக்கு, திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி இருந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். வயசுப் பொண்ணு போனும் கையுமாக உட்கார்ந்து தானாகச் சிரிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எவன்கூடவோ பேசிக்கினு, பாடம்னு என் காதுல பூ சுத்தறியா?"

"சத்தியமா பாடந்தாண்ணா! நான் கத்துக்கினதை உங்க மண்டியிலேயே காட்டறேன். பாத்துட்டு அப்பறம் பேசுங்க" என்றாள் சித்தி. அது பொய் என்றால் பரீட்சையே எழுதமாட்டேன், நீங்கள் காட்டுகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுகிறேன் என்றும் ரோஷத்தில் சொல்லிவிட்டாள். சித்தி போய்விட்டால் என்னோடு இயர்போனைப் பங்குபோட யார் இருக்கிறார்கள்?

மறுநாள் காலையில் மண்டி உத்தரத்தில் கயிறு கட்டி, அரை மூட்டை மல்லாட்டையைத் தொங்கவிட்டார்கள். சித்தி சுவரோடு தலையை ஒட்டி நின்று, மூட்டையைத் தன் மூக்குவரை இழுத்து, விட்டாள். அது எதிர்ப்பக்கம் போய், விர்ரென்று திரும்பி வந்தது. அம்மா "ஐயையோ!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். சித்தி இமைகூடக் கொட்டவில்லை. மூட்டை அவள் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று, வந்த வழியே போய்விட்டது.

"எந்த உயரத்துல விட்டமோ, அதுக்கு மேல ஏறாதுண்ணா. அவ்ளோதான் பாடம்."

மாமா சும்மா இருப்பாரா? "நவுரு, நான் நிக்கறேன்" என்று சுவரோரம் போய் நின்றார். மூட்டையை மூக்குவரை இழுத்தார். முப்பது வருஷமாக மூட்டையை லாரிக்குள் தள்ளியே பழகிய கை அது. விடுவதற்குப் பதிலாக, ஹும்மென்று ஒரு தள்ளு தள்ளிவிட்டது.

"ஐயோ, தள்ளக் கூடாதுண்ணா, சும்மா விடணும்! நவுருங்க!" என்று சித்தி கத்தினாள். பொம்பளைப்பிள்ளையே அசையாதபோது தான் அசைவதா என்று மாமா விறைத்து நின்றார். மூட்டை வந்து மொத்தென்று மோதியது. தையல் பிரிந்து மண்டி முழுக்க மல்லாட்டை சிதறியது. மாமா அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார், மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது.

மாமா மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"பேஜாரு புடிச்ச பாடமா இருக்குதே! ஆனா பாடந்தான், ஒத்துக்கறேன். இந்தா போன். ஜல்தி போய்ப் படி."

சித்தி போனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. அப்போது மாமா, மல்லாட்டையை அள்ளிக்கொண்டே, "ஆமா, இதெல்லாம் உனக்கு யாரு தேடித் தேடி அனுப்பறது?" என்று கேட்டார். கேள்வியில் பெருமைதான் இருந்தது, சந்தேகம் துளியும் இல்லை.

"விழுப்புரத்துலேர்ந்து... கூடப் படிச்ச பொண்ணுண்ணா."

"தங்கமான பொண்ணா இருக்குதே!" என்றார் மாமா.

அந்த முறை சித்தி நல்ல மார்க்கோடு தேறினாள். ஆனால் அரை மூட்டை மூக்குக்கு நேரே வந்தபோது சிமிட்டாத அவள் கண், அந்த ஒரு கேள்விக்கு ஏன் அப்படிப் படபடத்தது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மூன்று வருஷம் கழித்து, தன் அப்பா அம்மாவும் தாம்பூலத் தட்டுமாக அந்தத் தங்கமான பொண்ணு எங்கள் வாசலில் வந்து இறங்கியபோது, அதற்கு முறுக்கு மீசை இருந்தது.