குதிரைக்குக் கடைந்த கொள்ளு

எங்கள் குதிரைக்குப் பல் போய்விட்டதை முதலில் பார்த்தது நான்தான். பார்த்தும் புரியவில்லை. கொட்டிலைக் கூட்டும்போது மென்று துப்பிய புல் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. நான் மாடு கன்றுகளோடு வளர்ந்தவள். அசை போட்டுத் துப்புகிறதாக்கும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். குதிரை எந்த ஊரில் அசை போடுகிறது என்று கேட்டாரே தவிர, அவர் முகத்தில் சிரிப்பில்லை. போட்டது போட்டபடி லாடம் அடிப்பவரைக் கூட்டி வரப் போனார்.

லாடக்காரர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ந்து ஆடுகிறதாம். புல்லை அரைக்க முடியாமல்தான் துப்புகிறதாம். "வயசான ஒடம்புங்க. இந்த மார்கழிப் பனியத் தாண்டீருச்சுன்னா பொழச்சுக்குங்க" என்றார். தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கும் மண்ணரைப் பனியன் கம்பெனிகளுக்கும் மூட்டை இழுத்த குதிரை அது. நான் கல்யாணமாகி வந்ததே அதன் வண்டியில்தான். லாடக்காரர் பார்த்துவிட்டுப் போன பிறகு வீட்டுக்காரர் அதை வண்டியில் பூட்டவில்லை. ஸ்டேஷனில் தானே மூட்டை தூக்கப் போய்விட்டார். புல்லுக்குப் பதிலாக அதற்குக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கொள்ளை ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, தவிடும் உப்பும் கலந்து வெதுவெதுப்பாக வைப்பேன். நாங்களும் சோற்றுக்குக் கொள்ளு கடைந்துதான் ஊற்றிக்கொள்வோம். அதனால் எதிர் வீட்டு அக்காவுக்குக் கிண்டல். இன்றைக்குக் கடைவது ஊட்டுக்காரருக்கா குதிரைக்கா என்று தினமும் கேட்பாள். இரண்டு பேருக்கும் ஒரே சட்டிதான், உனக்கும் வேண்டுமா என்று எரிந்து விழுவேன். வேறென்ன செய்வது, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பவளிடம் வந்து விளையாடினால்?

பனி இறங்கிய காலைகளில் குதிரை பாதிக் கஞ்சியை அப்படியே வைத்துவிடும். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும். பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட துணியை ஒட்டுப்போட்டுத் தைத்து முதுகில் போர்த்தினேன். சாணி போட்டதா என்று பார்ப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

ஒருவழியாகத் தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று வீதியே மாடுகளுக்குப் பழமும் கரும்பும் ஊட்டிக்கொண்டிருந்தது. எங்கள் குதிரைக்கு எவரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீருக்குப் போனேன்.

திரும்பி வந்தால் கொட்டில் முன்னால் கூட்டம். குதிரை கழுத்தை நீட்டி நீட்டி இருமுகிறது. மூக்கு வழியாக நுரை ஒழுகுகிறது. குடம் எங்கே விழுந்ததென்று தெரியாது. மாட்டுக்கு ஊற்றுவதுபோல நல்லெண்ணெய் ஊற்றச் சொல்லி ஒருவர் மூங்கில் குழாயோடு வந்தார். மூச்சுக்குழலில் இறங்கினால் அதோடு தீர்ந்தது என்று லாடக்காரர் முன்பே எச்சரித்திருந்தார். குழாயைப் பிடுங்கி எறிந்தேன். வீட்டுக்காரர் தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்ள, கழுத்தில் கட்டியாகத் தென்பட்ட இடத்தை நீவிக்கொண்டே இருந்தேன். போகாதே சாமி, போகாதே என்று அதனிடம் கெஞ்சினேன். மார்கழி முழுக்கக் காத்தது இதற்குத்தானா?

கடைசியில் பெரிதாக ஓர் இருமல். தரையில் வந்து விழுந்தது கரும்புச் சக்கை.

எந்த வீட்டுக் கை அது என்று வீதி கேட்கக் கத்தினேன். எதிர் வீட்டு அக்கா, பிள்ளைகள் மேல் சத்தியமாகத் தான் இல்லை என்றாள். வீட்டுக்காரர் குதிரையின் கழுத்தை விடாமலே சொன்னார்:

"நாந்தான் அம்மிணி. நோம்பி நாளும் அதுவுமா, அதுக்கு மட்டும் கஞ்சியான்னு மனசு கேக்கல."

வந்த கோபத்துக்கு என்னென்னவோ சொல்லியிருப்பேன். அவரோ தன் துண்டால் அதன் மூக்கு நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கொள்ளை அடுப்பில் ஏற்றினேன்.

சாயங்காலம் குதிரை தண்ணீர் குடித்து, கஞ்சியிலும் வாய் வைத்தது. உள்ளே பொங்கல் பானை தொடாமல் இருந்தது. அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கே வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அதையே ஊத்து" என்றார்.