முடிச்சு நூலும் மூன்றாவது அழைப்பும்

மாரியம்மாவை நம்பி இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன மழைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பூமி உள்வாங்கியது. தேயிலைச் செடிகளோடு ஒரு துண்டு மண் கீழே போய், கிணறு மாதிரி பள்ளம் விழுந்தது. அடியில் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு குகை வாய். அந்தக் குகை எந்தப் பக்கம் போகிறது, நாங்கள் படுக்கிற தரைக்கு அடியிலா என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் தம்பி முருகேசு வந்தான். அவனுக்குக் கிழக்குக் கடலோரத்தில், வெள்ளைக்காரர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போகிற இடத்தில் வேலை. காற்றுச் சிலிண்டர் சுமக்கப் போனவன் முக்குளிக்கவும் படித்துவிட்டான். கூடவே கொழும்பிலிருந்து ஒரு மாத்தயா, சிங்களத்து ஐயா, வந்திருந்தார். இரண்டு பேரும் குகைக்குள் நீந்திப்போய், அது போகிற பக்கத்தை அளந்து வரப்போகிறார்களாம்.

நான் நம்பவில்லை. தோட்டம் முழுக்க வேறு பேச்சு. குகையில் புதையல் இருக்கிறது, காவல் இருக்கிற பூதத்துக்குப் பலி கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று. அந்த மாத்தயா யாரிடமும் பேசமாட்டார். தம்பியோடும் கைச்சாடையில்தான் பேச்சு. தண்ணீரில் இறங்குமுன் முகக் கண்ணாடியைக் கழற்றி, அதற்குள் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவினார். என் தம்பியும் அப்படியே செய்தான்.

"இது என்னாடா பழக்கம்?" என்று கேட்டேன்.

"கண்ணாடி பனி பிடிக்காம இருக்க அக்கா. நீ எதப் பாத்தாலும் சந்தேகப்படு. பள்ளத்துக்கிட்ட மட்டும் வராத, மண்ணு சரியும்."

வராதே என்றதும் சந்தேகம் இன்னும் கூடிப்போனது. ஒரு மணி நேரத்தில் வருவோம் என்று சொல்லிப் போனார்கள். மாட்டுக்குப் புல் அறுக்கிற சாக்கில், கத்தியோடு கீழ்ப்பாதையால் பள்ளத்தில் இறங்கினேன். அடுத்த வீட்டுப் பாக்கியமும் கூடவே வந்தாள்.

அங்கே கரையில் இருந்த டர்பன்டைன் மரத்தின் வேரில் ஒரு வெள்ளை நூல் கட்டியிருந்தது. அது நேராகத் தண்ணீருக்குள் போனது. இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, முடிச்சு முடிச்சாக.

பாக்கியம் நெஞ்சில் கை வைத்தாள். "அடி ஆத்தே! முடிச்சுப் போட்ட நூலுடி. செய்வினதான். ஒத்த ஆம்பளப் புள்ளயக் கட்டி இழுத்துக்கிட்டுப் போறானுங்க. வெட்டிப் போடு லெட்சுமி!"

நம் ஆட்களுக்குத் தெரியும், செய்வினை நூலைச் சும்மா வெட்டக்கூடாது. அம்மாவை மூன்று தடவை கூப்பிட்டுத்தான் வெட்டவேண்டும். இடது கையில் நூலைப் பிடித்தேன். வலது கையில் கத்தி.

"மாரியம்மா!" என்றேன். "மாரியம்மா!" என்றேன். மூன்றாவது தடவை வாய் திறந்தபோது, நூல் என் கையை இழுத்தது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. பால் குடிக்கிற பிள்ளை சேலையைப் பிடித்து இழுக்குமே, அப்படி.

என்னால் வெட்ட முடியவில்லை.

"என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று பாக்கியம் கத்தினாள். நான் கத்தியை வீசிவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தேன். தண்ணீர் கலங்கி, பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. ஒரு மணி நேரம் தாண்டியது. "தாயே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனை மட்டும் வெளியே கொண்டுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

முதலில் குமிழி வந்தது. பிறகு மாத்தயாவின் தலை. என் தம்பி இல்லை. என் உயிரே போனது. அதற்குப் பிறகுதான் அவன் தலை, நூலைப் பிடித்த கையோடு.

வாயில் இருந்ததைக் கழற்றியதும் அவன் சொன்னான்: "உள்ள மண்ணு விழுந்திருச்சிக்கா. டார்ச்சு வெளிச்சமே தெரியல, என் கையே எனக்குத் தெரியல. நூலத் தடவித்தான் வந்தோம். பத்தடிக்கு ஒரு முடிச்சு. அத எண்ணி எண்ணித்தான் இன்னும் இவ்வளவு தூரந்தான்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

மாத்தயா நடுங்கிக்கொண்டே அந்த வேரைத் தொட்டுக் கும்பிட்டார். அவரைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன்.

குகை எங்கள் லயத்தின் கடைசி நான்கு வீடுகளுக்கு அடியில் போகிறது என்று அளந்து சொன்னார்கள். எங்கள் வீட்டையும் சேர்த்து நான்கு குடும்பமும் இப்போது மேல் கணக்கில், தோட்டத்தின் மேல் பிரிவில், வேறு லயத்தில் இருக்கிறோம்.

கத்தியோடு நின்றதை நான் தம்பியிடம் சொல்லவில்லை. மாதக்கணக்காக அது உள்ளே முள்ளாகக் குத்தியது. ஆடித் திருவிழாவுக்கு அவன் வந்தபோது, கரகம் இறக்கின பிறகு, அழுதுகொண்டே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"நூலு ஆடினது நாங்க திரும்பி வரும்போதுக்கா," என்றான் கடைசியில். "நீ வெட்டல. வந்துட்டேன்ல. சோறு போடு."

சந்தேகம் என் பிறவிக் குணம், முழுசாகப் போகவில்லை. ஆனால் ஒரு காரியத்தில் கை வைக்குமுன் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கப் பழகிவிட்டேன். உங்களுக்கும் பயத்தில் கண் மறைக்கிற நேரம் வரும். அப்போது கூப்பிடுங்கள். கூப்பிட்டதும் அவசரப்படாதீர்கள். அவள் நம் கையைத் தொடுவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.