என் ஷெட்டில் மட்டும் நிற்காத வண்டி

முழுசா செத்துப்போன வண்டியக் கொண்டு வர்றவங்க எங்க தொழிலுக்குக் கும்பிடற சாமிங்க, அப்பப்பச் செத்து அப்பப்பப் பொழைக்கற வண்டியக் கொண்டு வர்றவங்கதான் எமன். நான் மாரிமுத்து, கொல்லங்கோட்டுல ஆட்டோ எலக்ட்ரீசியன். இருபது வருசத்துக்கு மேல பழைய வண்டி வயருக்குள்ளயே தலைய விட்டுட்டுக் கெடக்கறேன். பழைய வண்டி வெச்சிருக்கறவங்களுக்கும், அதை நம்பி ஷெட்டுப் போட்டவங்களுக்கும் மட்டும்தான் இந்தக் கஷ்டம் புரியுமுங்க. மத்தவங்க, "வித்துத் தொலைக்க வேண்டியதுதானே"ன்னுட்டுப் போயிருவாங்க.

வாளையார் ரோட்டுல

கல்பாத்தி விஸ்வநாதன் மாஷ் ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருங்க. எங்க பக்கம் வாத்தியாரை மாஷ்னுதான் கூப்பிடறது. அவரு சம்சாரம் லலிதா மாமிக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி டயாலிசிஸ் பண்ணிக் கூட்டி வரோணும். புது வண்டியில காலை மடக்கி உக்காந்தா மாமிக்கு மூச்சு முட்டுது. மாஷோட பழைய வெள்ளை அம்பாசடர்ல பின் சீட்டு கட்டிலாட்ட இருக்கும், நீட்டிப் படுத்துக்கலாம். அதனால வேற வண்டிப் பேச்சே ஊட்டுல கிடையாது.

அந்த வண்டி கோயமுத்தூர் போற வாளையார் ரோட்டுல ஓடிட்டு இருக்கறப்பவே எஞ்சின் நின்னுபோகுதாம். டேஷ்போர்டுல ரெண்டு தட்டுத் தட்டி, கொஞ்ச நேரம் கழிச்சுச் சாவியத் திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுதாம். அதைச் சொல்லிட்டு மாஷ் சாவியக் குடுத்தாரு. டேஷ்போர்டுல இருந்த பித்தளைப் பிள்ளையாரை எடுத்தாரு. அடியில இருக்கற சின்ன லைட்டோட பிளக்கைக் கழட்டி, துண்டுல சுத்தித் தோள்பையில வெச்சுக்கிட்டாரு. எப்பவும் அப்படித்தானுங்க. நாங்க செருப்போட ஏறுவோம், மீன் கொழம்பு சாப்பிட்ட கையில ஸ்டியரிங்கைப் புடிப்போம். அதனால வண்டி என் ஷெட்டுல இருக்கற வரைக்கும் பிள்ளையாரு கல்பாத்தியில மாஷ் ஊட்டுலதான் இருப்பாரு.

போறப்ப வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்துச் சொன்னாரு: "வண்டி நிக்கறதுக்கு எனக்கு பயமில்லை மாரிமுத்து. பின்னாலே லாரிக்காரன் வரான் பாரு, உள்ளே இவ படுத்துண்டிருக்கான்னு அவனுக்குத் தெரியாதே."

நல்ல புள்ள வேசம்

பேட்டரி டெர்மினலைச் சுரண்டினேன். பாடிக்குப் போற எர்த்து வயரைக் கழட்டித் தேச்சு மாட்டினேன். சாவி போடற சுவிட்சைப் புதுசா மாத்தினேன். அப்பறம் ஓட்டிப் பார்த்தேன். பள்ளத்துல விட்டேன், திட்டுல ஏத்தினேன், நெல்லியாம்பதி மலை ரோட்டுல பாதி தூரம் போயி வந்தேன். மனசுக்குள்ள வேண்டிக்கிட்டே ஓட்டினேன், "நின்னு தொலையேன், ஒரே ஒரு தடவை நின்னு தொலையேன்"னு. எங்கீங்க, பட்டு மாதிரி ஓடுது.

"சரியாப் போச்சுங்க மாஷ்"னு குடுத்தனுப்பினேன். அந்த வாக்கியத்தை வாயில இருந்து விட்டதுல இருந்து சோறு எறங்கல. செவ்வாய்க்கெழமை பத்து மணிக்கு மாஷ்கிட்ட இருந்து போன் வந்துருச்சு, வண்டி நின்னுபோச்சுன்னு. மறுபடியும் ஷெட்டுக்கு வந்துச்சு. எஞ்சினுக்குத் தீப்பொறி குடுக்கற காயிலை மாத்தினேன், கண்டன்சரை மாத்தினேன். மறுபடியும் பட்டு மாதிரி ஓடுச்சு. பக்கத்து ஷெட்டு எஞ்சின் மெக்கானிக் செல்லப்பன் ரெண்டு நாளா இதையேதான் வேடிக்கை பார்த்துட்டு இருந்தான்.

"ஏனப்பா மாரிமுத்து, அது வண்டியில்ல, இன்ஸ்பெக்சன் அன்னிக்கு மட்டும் கையக் கட்டிட்டு நிக்கற பள்ளிக்கொடத்துப் பையன்"னான்.

சின்னக்கானல் ஜீப்பு

இதுக்கு நடுவுல ஜெபராஜ்னு ஒருத்தரு வந்தாருங்க. சின்னக்கானல்ல டூரிஸ்டுகளை ஏத்தற ஜீப்பு ஓட்டறவரு. மாமனார் ஊடு கொல்லங்கோட்டுப் பக்கம், அதனால மலையில இருந்து எறங்கி வந்திருந்தாரு. அவரு ஜீப்புக்கு வலது பக்கம் வளைச்சா ஹாரன் தானா அடிக்கும், நேராக்கற வரைக்கும் நிக்காது. போன வாரம் எஸ்டேட்டு ரோட்டுல வலது வளைவுல திரும்பறாரு, எதுத்தாப்புல ஆனை. ஜீப்புல ஆறு பேரு. ஹாரன் நிக்காம அலறுது.

"ஆனை என்ன பண்ணுச்சு?"ன்னேன். "பார்த்துச்சுண்ணே. ரொம்ப நேரம் பார்த்துச்சு. அப்புறம் இவனுக்குக் கிறுக்குன்னு நினைச்சுதோ என்னமோ, எறங்கிப் போயிருச்சு"ன்னாரு. ஸ்டியரிங் கம்பிக்குள்ள ஹாரன் வயரு தோலு உரிஞ்சு பாடியில உரசிட்டு இருந்துச்சு. அரை மணி நேரத்துல முடிச்சேன். ஒரு வியாதியவாவது கண்டுபுடிச்சமேன்னு நெஞ்சு நிமித்தறேன், போன் அடிக்குது. மாஷ்தான். போறப்ப ஒருக்கா, வர்றப்ப ஒருக்கா நின்னுச்சாம். வர்றப்ப நின்னது பாலத்து மேலயாம், மாமிக்கு வாந்தி வந்துருச்சாம். போனை வெச்சுட்டு அப்படியே டயர் மேல உக்காந்துட்டேன்.

ஜெபராஜ் என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தாரு. "ஆனை முன்னால நிக்கும்போது எம் மூஞ்சியும் இப்படித்தாண்ணே இருந்துச்சு"ன்னாரு.

போன் வராத வெள்ளிக்கெழமை

மூணாவது தடவையா வண்டி வந்தப்ப, ஹெட்லைட்டுல இருந்து டிக்கி வரைக்கும் ஒவ்வொரு பிளக்காக் கழட்டித் தொடச்சு மாட்டினேன். வியாழக்கெழமை மாஷ் எடுத்துட்டுப் போனாரு. வெள்ளிக்கெழமை காத்தால இருந்து போனையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். பத்து மணிக்கு வரல. பன்னெண்டுக்கு வரல. யாரோ பல்ப் வாங்க வந்தாங்க, தப்பான பல்பைக் குடுத்துப்போட்டேன். சாயங்காலம் வரைக்கும் வரல. அப்பாடான்னு ஆச்சுங்க. செல்லப்பனுக்குப் பரோட்டா வாங்கிக் குடுத்தேன், அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

ஞாயித்துக்கெழமை கொஞ்சம் கெத்தோட நானே கூப்பிட்டேன். "ஏனுங்க மாஷ், வண்டி நல்லா ஓடுச்சுங்களா?"ன்னேன். அவரு சொன்னாரு, வெள்ளிக்கெழமை அவங்க ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லியாம். ஒரு தடவை விட்டாலே காலு வீங்கும், நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்னு அவரே முன்னாடி சொல்லியிருக்காரு. நான் பரோட்டா தின்னுட்டு இருந்தப்ப அந்தம்மா அங்க மூச்சுக்குத் திணறிட்டு இருந்திருக்காங்க. "டாக்சியாவது புடிச்சிருக்கலாமேங்க"ன்னு கத்தியே போட்டேன்.

"டாக்சி வாசல்லேயே வந்து நின்னுது. அவதான் வரமாட்டேன்னுட்டா. ஏன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறா"ன்னாரு மாஷ்.

ரெண்டு விரக்கடை வயரு

டாக்டரு போன்ல திட்டினதுக்கப்பறம் செவ்வாய்க்கெழமை வர ஒத்துக்கிட்டாங்க. நானும் ஏறிட்டேன். மாஷுக்குப் பக்கத்துல, மடியில டூல் பையோட. பின்னாடி மாமி படுத்திருந்தாங்க. மூஞ்சி உப்பியிருந்துச்சு, காலைப் பார்க்கவே முடியல. நான் மூச்சுச் சத்தத்தையும் எஞ்சின் சத்தத்தையும் மாத்தி மாத்திக் கேட்டுட்டே வந்தேன். வாளையார் தாண்டினதும் எஞ்சின் பொசுக்குன்னு நின்னுபோச்சு. பின்னாடி வந்த லாரி அலறிட்டு ஒரு முழம் எடம் விட்டு ஒதுங்கிப் போச்சு. உருண்ட வேகத்துலயே மாஷ் ஓரங்கட்டினாரு.

அப்பத்தான் பார்த்தேன், பிள்ளையாருக்கு அடியில செகப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருக்குது. "இது அணையலயே மாஷ்"ன்னேன். "அது எப்பவும் அணையறதில்லையே"ன்னாரு. போச்சு. லைட்டு எரியுதுன்னா சாவி வரைக்கும் கரண்டு வருது. எஞ்சினுக்கும் லைட்டுக்கும் கரண்டு பிரியற எடத்துலதான் விட்டுப்போகுது. அந்த எடத்துல சாவி, எஞ்சின், லைட்டு மூணு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தினது வேற யாருமில்ல, நான்தான். டயாலிசிஸ் ஆரம்பிச்ச வாரம், படுத்துட்டே பிள்ளையாரைப் பார்க்கோணும்னு மாமி ஆசைப்பட்டாங்க. அன்னிக்கு வயரு ரெண்டு விரக்கடை பத்தல. எந்திரிச்சுப் போயி வேற வயரு எடுக்கச் சோம்பல்பட்டு, இழுத்துப் புடிச்சு மாட்டிப்போட்டேன். பிள்ளையாரு வண்டியில இருந்தா வயரு விறைச்சு முடிச்சை இழுக்கும், குலுங்கறப்ப எஞ்சின் வயரு விட்டுப்போகும். அவரைக் கழட்டித் துண்டுல சுத்தினா வயரு தளர்ந்து ஒட்டிக்கும். மூணு தடவை வண்டிய அக்கு அக்காக் கழட்டினேன், அந்த ஒரு முடிச்சை மட்டும் தொடல. என் கை வேலை, அதுல என்ன தப்பு இருக்கப்போகுதுன்னு நெனப்பு.

டேஷ்போர்டுக்கு அடியில தலைகீழாப் படுத்து, எஞ்சின் வயரைத் தனியாச் சேர்த்து ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். லைட்டு வயரை அதுல இருந்து வெட்டியே எடுத்துட்டேன். சாவியத் திருப்பினதும் புடிச்சுக்கிச்சு. டேஷ்போர்டை ஓங்கி ஓங்கிக் குத்தினேன், நிக்கல. அப்பறம் பின்னாடி திரும்பி, "மன்னிச்சிருங்க மாமி, இத்தனை நாளும் நின்னது என்னாலதான், நான் போட்ட முடிச்சுதான்"னு சொன்னேன். மாமி என்னைப் பார்த்துட்டே இருந்தாங்க. கண்ணு ரெண்டும் ரொம்பிருச்சு.

"அப்போ அது பகவான் சொன்னது இல்லையா? வழியிலே வழியிலே நிறுத்தி, போறும் லலிதா, வந்துடுன்னு கூப்பிடறார்னு நினைச்சுண்டுதான்டா நான் வெள்ளிக்கிழமை வரலை. கிளப்பச் சொல்லு, நாழியாறது"ன்னாங்க.

இப்பெல்லாம் எந்தப் பழைய வண்டி வந்தாலும் இதுல முன்னாடி நான் என்ன பண்ணித் தொலைச்சேன்னுதான் மொதல்ல தேடறேனுங்க, பாதி வண்டிக்கு வியாதி அங்கயே கெடைச்சிருது.