வாஷ்பேசினில் துப்பிய சாக்லேட்

என் கணவர் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். கல்யாணமான புதிதிலிருந்தே மாதம் பிறந்தால் எனக்கு ஒரு சாக்லேட் வாங்கி வருவார். மளிகைக்கடைச் சரத்தில் தொங்குகிற சாதாரண சாக்லேட்தான். பதினெட்டு வருடமாக எனக்கு அது உயிராக இருந்தது. நான் பிரித்துத் தின்பதை எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார்.

போன வருடம், முன்பு என்னோடு தையல் யூனிட்டில் வேலை பார்த்தவள் கிணத்துக்கடவுக்குக் கூப்பிட்டாள். தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கொக்கோ போட்டு, சொந்தமாகச் சாக்லேட் செய்கிறாளாம். போய் இறங்கியதுமே எனக்குக் குமட்டியது. மரப்பெட்டியில் வாழையிலை போட்டு மூடியிருந்த கொட்டைகளை அவள் கிளறினாள். வெள்ளைச் சதை சளி மாதிரி இழுத்தது. புளித்த கள் வாடை. ஈ மொய்த்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இதையா திங்கறது?"

"அஞ்சாறு நாள் இப்படிப் புளிக்கோணுமுங்க அக்கா. காயவெச்சு வறுத்தா இந்த நாத்தமெல்லாம் போயிருமுங்க."

உள்ளே, மாவரைக்கிற கிரைண்டர் போன்ற ஒன்றில் வறுத்த கொட்டையும் சர்க்கரையும் இரண்டு நாளாக அரைபட்டுக்கொண்டிருந்தன. ஏற்கெனவே செய்து வைத்திருந்ததில் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தாள். அவள் மனம் நோகக் கூடாதே என்று வாயில் போட்டேன். ஒரே கசப்பு. துப்ப இடம் தேடினேன். அதற்குள் அது கரைந்து, கசப்புக்கு அடியிலிருந்து நெல்லிக்காய் மாதிரி ஒரு புளிப்பு எழுந்தது. பிறகு வறுத்த வாசம். விழுங்கிய பின்னும் வெகுநேரம் நாக்கில் நின்றது. ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். தினம் ஒரு துண்டாகத் தின்று தீர்த்தேன்.

அடுத்த மாதம் அவர் வழக்கம்போல வாங்கி வந்தார். ஒரு கடி கடித்தேன். எண்ணெய் உறைந்த சட்டியை நக்கியது போல மேலண்ணத்தில் படலம் படர்ந்தது. சர்க்கரையைத் தாண்டி ஒன்றுமே இல்லை. எசென்ஸ் நெடி வேறு. இதையா இத்தனை வருடம் சப்புக்கொட்டித் தின்றேன்? அவர் பார்த்துக்கொண்டே நின்றார். விழுங்கிவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

அதற்கடுத்த இரண்டு மாதம், "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, பின்கட்டு வாஷ்பேசினில் குழாயைத் திறந்துவிட்டுத் துப்பினேன். மூன்றாம் மாதம் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், தோளில் குளிக்கும் துண்டோடு அவர் நிற்கிறார்.

"எத்தன நாளா இப்படி?"

"மூணு மாசமாங்க."

"புடிக்கலீன்னா சொல்லிப்போட்டிருக்கலாமல்ல அம்மணி?" அவ்வளவுதான். மறுமாதம் சாக்லேட் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிணத்துக்கடவுக்கு அழைத்துப் போனேன். பெட்டிப் பக்கம் போனதுமே, "எலி செத்த நாத்தம்" என்றார். அவள் கொடுத்த சாக்லேட்டை வாயில் போட்டதும் முகம் கோணியது. அவள் எதிரிலேயே தென்னை மரத்தடியில் துப்பினார்.

"கசாயமாட்ட இருக்குது. இதுக்கா அம்மணி அதைத் துப்புனே?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தி, வழக்கமாக எனக்கு வாங்கும் அந்தச் சாக்லேட் ஒன்றை வாங்கி முழுதாகத் தின்றார். மீசை ஓரத்தில் பழுப்பாக ஒட்டியிருந்தது. வழியெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசினார். அந்தத் தித்திப்பு நெடி முகத்தில் அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது மாதம் பிறந்தால் தனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறார். கிணத்துக்கடவிலிருந்து வரவழைக்கும் என் பொட்டலத்தை நான் பிரித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். அவர் தின்ற கையால் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தால், நான் வேறு சொம்பு எடுத்துக்கொள்கிறேன்.